டே கேர் கட்டணம் ஏறிவிட்டது, வேலையை விட்டுவிடலாமா?

கேள்வி கேட்ட சகோதரிக்கு க.க.சாவடியில் வீடு. கேரள எல்லை தாண்டிக் கஞ்சிக்கோட்டில் ஒரு தொழிற்சாலையில் பேக்கிங் பிரிவில் வேலை. பிடித்தம் போகக் கையில் வருவது 17,000 ரூபாய். கணவருக்குக் கோவை குறிச்சி சிட்கோ தொழிற்பேட்டையில் ஒரு மெஷின் ஷாப்பில் வேலை, கையில் 26,000. பெண் குழந்தைக்கு ஒரு வருடம் எட்டு மாதம். இதுவரை 4,500 வாங்கிய டே கேர் இந்த மாதத்திலிருந்து 6,500 கேட்கிறது. போக்குவரத்துக்கு 1,500. "மிச்சம் ஒன்பதாயிரம்தான் நிக்குது. இதுக்காகப் பிள்ளையை விட்டுட்டுப் போகணுமான்னு வீட்டுல எல்லாரும் கேக்கறாங்க. ஸ்கூல்ல சேர்க்கற வரைக்கும் வேலையை விட்டுறலாமா?" என்று எழுதியிருக்கிறார். வேலையில் சேர்ந்து நான்கு வருடம் நான்கு மாதம் ஆகிறது, பிஎஃப் பிடிக்கும் சம்பளம் 13,000 என்றும் சொல்லியிருக்கிறார். அந்த இரண்டு விவரமும் மிகவும் உதவும்.

நான் மதுக்கரை, கஞ்சிக்கோடு பக்கத் தொழிற்சாலைகளில் நல அலுவலராகப் பல வருடம் இருந்தவள். இப்போது வேலந்தாவளம் அருகே ஒரு சிறிய பிள்ளைக் காப்பகத்துக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கிறேன். கம்பெனிப் பக்கமும் காப்பகப் பக்கமும் பார்த்த பழக்கத்தில் சொல்கிறேன்: வேலையை விடாதீர்கள். குறைந்தது இன்னும் எட்டு மாதத்துக்காவது அந்தப் பேச்சையே எடுக்க வேண்டாம். காரணம் சொல்கிறேன்.

முதலில், காப்பகக் கட்டணத்தை உங்கள் சம்பளத்திலிருந்து மட்டும் கழிப்பதை நிறுத்துங்கள். பிள்ளை இரண்டு பேருக்கும் பிள்ளைதான். வீட்டு வாடகையை யாருடைய சம்பளத்திலிருந்து கழிக்கிறீர்கள்? மளிகைக் கடனை? அதெல்லாம் குடும்பக் கணக்கு. டே கேர் மட்டும் எப்படியோ அம்மாவின் கணக்கில் வந்து உட்கார்ந்துவிடுகிறது. 17,000த்தில் 6,500 என்றால் நூற்றுக்கு 38. இரண்டு சம்பளத்தையும் சேர்த்த 43,000த்தில் அதே 6,500 நூற்றுக்கு 15. பாரம்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் ஒருவர் வேலையை விடுகிற அளவு பாரமா என்று இந்த இரண்டாவது எண்ணை வைத்துக்கொண்டு பேசுங்கள். வீட்டில் பேசும்போது கணவரையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு பேசுங்கள்.

இரண்டாவது, நீங்கள் விடப்போவது ஒன்பதாயிரம் அல்ல. 13,000த்துக்குப் பிஎஃப் உங்கள் பங்கு 12 சதவீதம், 1,560. கம்பெனியும் அதே அளவு போடுகிறது. அதில் பெரும்பகுதி உங்கள் ஓய்வூதியக் கணக்குக்குப் போகிறது. ஆக மாதம் 3,120 ரூபாய், கைக்கு வராததால் கணக்கிலும் வராமல் போகிறது. அப்புறம் கிராஜுவிட்டி, அதாவது வேலையை விடும்போது கம்பெனி தரும் பணிக்கொடை. நிரந்தரத் தொழிலாளிக்கு ஐந்து வருடத் தொடர் பணி முடிந்தால்தான் அது கிடைக்கும். கடைசிச் சம்பளத்தை 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, வருடங்களால் பெருக்க வேண்டும். உங்கள் சம்பளத்துக்கு ஒரு வருடத்துக்கு 7,500, ஐந்து வருடத்துக்கு 37,500. நான்கு வருடம் நான்கு மாதத்தில் கையெழுத்துப் போட்டு வெளியே வந்தால் அந்தப் பணத்தைக் கைவிட்டுவிட்டு வருகிறீர்கள். பிரசவ விடுப்பில் இருந்த நாட்களும் தொடர் பணியில் சேரும். யாராவது வேறு மாதிரி சொன்னால் நம்ப வேண்டாம்.

இன்னொன்று ஈஎஸ்ஐ, தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீடு. சம்பள உச்சவரம்பு 21,000. உங்கள் கணவர் அதைத் தாண்டிவிட்டதால் அவருக்குக் கிடையாது. உங்கள் வீட்டில் மூன்று பேருக்கும் ஈஎஸ்ஐ மருத்துவம் வருவது உங்கள் கார்டில்தான். இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளை இருக்கிற வீட்டில், காப்பகத்தில் ஒரு பிள்ளைக்குச் சளி வந்தால் பத்துப் பிள்ளைக்கும் வருகிற இந்த வயதில், அந்தக் கார்டை இழப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. சேர்த்துப் பார்த்தால் உங்கள் வேலை வீட்டுக்குக் கொண்டுவருவது ஒன்பதாயிரத்தைவிட வெகு அதிகம். இரண்டு வருடம் கழித்துத் திரும்பப் போனால் புது ஆளாகத்தான் எடுப்பார்கள் என்பதையும் இதோடு வையுங்கள்.

சரி, கட்டணம் ஏன் இப்படி ஏறுகிறது? ஒரு மாதிரிக் கணக்குச் சொல்கிறேன். எண்கள் ஊருக்கு ஊர் மாறும், கணக்கின் போக்கு மாறாது. பதினாறு பிள்ளைகள், பெரும்பாலும் மூன்று வயதுக்குக் கீழே. பார்த்துக்கொள்ள இரண்டு டீச்சர், ஆளுக்கு 13,000. இரண்டு ஆயா, ஆளுக்கு 10,000. வாடகை 18,000. பால், காலைச் சிற்றுண்டி, மதியச் சாப்பாடு, சாயங்காலம் ஏதாவது, பிள்ளைக்கு ஆயிரம் என்றால் 16,000. கரண்ட், கேஸ், பினாயில், கேமரா, உடைந்த பொம்மை, 8,000. மொத்தம் 88,000. பதினாறால் வகுத்தால் ஒரு பிள்ளைக்கு 5,500. இதில் நடத்துகிறவருக்கு இன்னும் ஒரு பைசா வரவில்லை. 6,500 வாங்கினால் அவர் கையில் 16,000 நிற்கும், பதினாறு பிள்ளையும் ஒரு மாதமும் தவறாமல் கட்டினால். செலவில் பாதிக்கு மேல் ஆட்களின் கூலி. அதைக் குறைக்க இரண்டே வழி. ஆளைக் குறைக்க வேண்டும், அல்லது இருக்கிற ஆளுக்குக் கொடுப்பதைக் குறைக்க வேண்டும். இரண்டும் உங்கள் பிள்ளை மேல்தான் வந்து விழும்.

மத்திய அரசின் பெண்கள், குழந்தைகள் நல அமைச்சகம் 2018இல் காப்பகங்களுக்கு வெளியிட்ட குறைந்தபட்ச வழிகாட்டு முறைகளில் மூன்று வயதுக்குட்பட்ட பத்துப் பிள்ளைகளுக்குப் பயிற்சி பெற்ற ஒருவரும் ஓர் உதவியாளரும் வேண்டும் என்று இருக்கிறது. மூன்று வயதுக்கு மேல் போனால் இருபது பிள்ளைக்கு அதே அளவு ஆட்கள் போதும். கைப்பிள்ளைக்கும் தவழும் பிள்ளைக்கும் கட்டணம் அதிகமாக இருப்பதற்கும், மூன்று வயது தாண்டியதும் இறங்குவதற்கும் இதுதான் காரணம். ஆகவே பக்கத்துத் தெருவில் 3,000த்துக்கு ஒருவர் பார்த்துக்கொள்கிறார் என்றால் அவரைத் தப்பாக நினைக்க வேண்டாம், ஆனால் எதைக் குறைத்து மூவாயிரத்தில் நிறுத்துகிறார் என்று நேரில் போய்ப் பாருங்கள்.

போவதென்றால் காலை சேர்க்கை நேரத்தில் போகாதீர்கள். அப்போது எல்லா இடமும் நன்றாகத்தான் இருக்கும். மதியம் பதினொன்றரைக்கும் இரண்டுக்கும் நடுவில் முன்கூட்டிச் சொல்லாமல் போங்கள். சாப்பாட்டு நேரத்தில் எத்தனை பிள்ளைக்கு ஒருவர் ஊட்டுகிறார் என்று பாருங்கள். ஒரே தட்டு, ஒரே ஸ்பூன், வரிசையாக உட்கார்ந்த ஆறு வாய் என்று நான் பார்த்திருக்கிறேன். பால் பாட்டில்களில் பெயர் எழுதியிருக்கிறதா பாருங்கள். ஓர் ஆயா ஒரு பிள்ளையைக் கழிவறைக்குத் தூக்கிப் போனால் மீதிப் பிள்ளைகளை யார் பார்க்கிறார்கள் என்று நின்று கவனியுங்கள். டிவி ஓடிக்கொண்டிருந்தால் எத்தனை நேரமாக என்று கேளுங்கள். எல்லாப் பிள்ளையும் ஒரே நேரத்தில், ஒரு முனகல்கூட இல்லாமல் நாள்தோறும் மூன்று மணி நேரம் தூங்குகிறார்கள் என்று பெருமையாகச் சொன்னால், அங்கே விடாதீர்கள். ஒன்றரை வயதுப் பிள்ளைகள் அப்படித் தூங்குவதில்லை. வாசல் கதவு தாழ்ப்பாள் பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறதா, தண்ணீர்த் தொட்டி மூடியிருக்கிறதா என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டாம், கண்ணால் பாருங்கள்.

கட்டணத்தைக் குறையுங்கள் என்று கேட்பதில் பெரிய பலன் இல்லை என்பது இப்போது புரிந்திருக்கும். கட்டணத்தின் வடிவத்தைப் பற்றிக் கேளுங்கள், அதில் பலன் உண்டு. எத்தனை மணி நேரம் வாங்குகிறீர்கள் என்பதுதான் பெரிய விஷயம். காலை ஏழே முக்காலுக்கு விட்டு மாலை ஆறரைக்கு எடுத்தால் பத்தே முக்கால் மணி நேரம். பெரும்பாலான காப்பகங்களில் எட்டு மணி நேரத்துக்கு ஒரு விலை, அதற்கு மேல் ஒரு விலை. ஏனென்றால் அந்தக் கடைசி ஒன்றரை மணி நேரத்துக்கு மூன்று பிள்ளைதான் இருக்கும், ஆனாலும் ஓர் ஆள் இருந்தே ஆக வேண்டும். உங்கள் கணவருக்குச் சிட்கோவில் ஒன்பதரைக்குத்தான் வேலை என்றால் காலையில் விடுவது அவர் பொறுப்பாகட்டும், ஒன்பது மணிக்கு விடட்டும். நீங்கள் ஐந்து மணி ஷிப்ட் முடிந்து வந்து எடுங்கள். நீங்கள் இரண்டு பேரும் நேரத்தை இப்படி மாற்றிப் போட்டாலே எட்டு, எட்டரை மணி நேரத்துக்குள் வந்துவிடும். காப்பகத்தில் போய், "எட்டரை மணி நேரத்துக்கு என்ன விலை, எழுதிக் கொடுங்கள்" என்று கேளுங்கள். இந்த ஒரு மாற்றத்தில் கட்டணம் இறங்கிய வீடுகள் எனக்குத் தெரியும்.

கூடவே கேட்க வேண்டியவை: கட்டணம் வருடத்தில் எந்த மாதம், எவ்வளவு ஏறும் என்று முன்கூட்டியே எழுத்தில் சொல்ல முடியுமா? பிள்ளைக்கு உடம்பு சரியில்லாமல் வாரக்கணக்கில் வராவிட்டால் சாப்பாட்டுப் பணமாவது கழியுமா? சாப்பாடு வீட்டிலிருந்து கொடுத்தால் எவ்வளவு குறையும்? விழா, ஆண்டு விழா உடை, கோடைக்கால வகுப்பு எல்லாம் கட்டாயமா? ஒன்று மட்டும் செய்யாதீர்கள். தள்ளுபடி தருகிறேன் என்றாலும் ஒரு வருடப் பணத்தை மொத்தமாகக் கட்ட வேண்டாம். சிறிய காப்பகங்கள் திடீரென்று மூடுவது உண்டு. கொரோனா காலத்தில் அப்படிப் பணம் போன பெற்றோர் பலர். மூன்று மாதத்துக்கு மேல் முன்பணம் கொடுக்க வேண்டாம்.

இப்போது உங்கள் ஊருக்கே உரிய ஒரு வசதிக்கு வருகிறேன். எல்லைக்கு இந்தப் பக்கம் வீடு இருப்பது உங்களுக்கு நல்லது. தமிழ்நாட்டில் அங்கன்வாடியில் இரண்டு வயது முடிந்த பிள்ளையை உட்கார வைத்துக்கொள்வார்கள், மதியச் சாப்பாடும் உண்டு, வாரத்தில் மூன்று நாள் முட்டை. கேரளத்தில் முன்பருவக் கல்விக்கு மூன்று வயது ஆக வேண்டும். வாளையாறு பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற உங்கள் தோழிக்குக் கிடைக்காத ஒரு வருடம் உங்களுக்குக் கிடைக்கிறது. உங்கள் மகளுக்கு இரண்டு வயதாக இன்னும் நான்கு மாதம்தான் இருக்கிறது. அதாவது முழுநாள் டே கேருக்கு முழுக் கட்டணம் கட்ட வேண்டியிருப்பது அநேகமாக அந்த நான்கு மாதத்துக்குத்தான். ஸ்கூல் சேர்க்கும்வரை என்று நீங்கள் நினைத்து மலைத்த காலம் இவ்வளவு சுருங்குகிறது.

அதற்காக அங்கன்வாடி எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்று சொல்ல மாட்டேன். மாலை நான்கு மணிக்குள் மூடிவிடுவார்கள். கோடை விடுமுறை வரும். ஒரு டீச்சர், ஒரு ஹெல்ப்பர். அந்த டீச்சர்தான் எடை பார்க்க வேண்டும், கர்ப்பிணிகள் கணக்கு எழுத வேண்டும், போஷன் டிராக்கர் என்ற அரசுச் செயலியில் போன் வழியாக எல்லாவற்றையும் ஏற்ற வேண்டும், கூப்பிட்ட கூட்டத்துக்கெல்லாம் போக வேண்டும். இடம் காலியாக இருந்து ஒருவரே இரண்டு மையம் பார்க்கிற ஊரும் உண்டு. அதனால் உங்கள் மையத்தில் இரண்டு பணியிடமும் நிரம்பியிருக்கிறதா, இரண்டு வயதுப் பிள்ளைகள் எத்தனை பேர் வருகிறார்கள் என்று முன்கூட்டியே போய்ப் பார்க்க வேண்டும். நன்றாக நடக்கிற மையம் என்றால் தயங்காமல் விடுங்கள். "பால்வாடியா" என்று சொந்தக்காரர்கள் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். 1975 அக்டோபர் 2ஆம் தேதி தொடங்கிய திட்டம் இது, மாதம் தவறாமல் எடையும் உயரமும் அளந்து எழுதுகிற இடம். எத்தனை தனியார் ப்ளே ஸ்கூலில் அதைச் செய்கிறார்கள்?

சாப்பாட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2025 தொடக்கத்தில் கேரளத்தில் ஒரு சின்னப் பையன், அங்கன்வாடியில் உப்புமாவுக்குப் பதில் பிரியாணியும் பொரித்த கோழியும் வேண்டும் என்று மழலையில் கேட்ட வீடியோ எங்கும் பரவியது. அரசு அதைக் காதில் வாங்கிக்கொண்டு அதே வருடம் உணவுப் பட்டியலை மாற்றி முட்டை பிரியாணி சேர்த்தது. கேட்டால் மாறும் என்பதற்காகத்தான் சொல்கிறேன். உங்கள் மையத்தில் முட்டை சரியாக வருகிறதா என்று நீங்களும் கேளுங்கள்.

இரண்டு வயது ஆனதும் ஏற்பாடு இப்படி இருக்கலாம்: காலை ஒன்பதரையிலிருந்து அங்கன்வாடி மூடும்வரை அங்கே, அதன் பிறகு நீங்கள் வரும்வரை இரண்டு மணி நேரம் வேறு ஒருவர். அந்த இரண்டு மணி நேரத்துக்கு டே கேரில் அரைநாள் கட்டணம் கேட்கலாம், அவர்களே வந்து கூட்டிப் போவார்களா என்றும் கேட்கலாம். அல்லது தெருவில் நம்பிக்கையான ஓர் அக்கா. அவருக்கு மாதம் இரண்டாயிரம் என்று பேசினால், பிள்ளை வராத நாளுக்குக் கழிக்காமல் முழுதும் கொடுங்கள். அப்படிக் கொடுத்தால்தான் அவசரத்துக்கு அவர் இருப்பார்.

மாமியாருக்கு மூட்டு வலி, முழுநாள் பார்க்க முடியாது என்று எழுதியிருந்தீர்கள். முழுநாள் வேண்டவே வேண்டாம். ஒன்றரை வயதுப் பிள்ளைக்குப் பின்னால் பத்து மணி நேரம் ஓடுவது நல்ல முட்டி உள்ளவர்களுக்கே கஷ்டம். ஆனால் அந்தச் சாயங்கால இரண்டு மணி நேரம், தூங்கி எழுந்த பிள்ளைக்குப் பால் கொடுத்து உட்கார்ந்த இடத்தில் கதை சொல்லும் நேரம், அவரால் முடியும். விருப்பமும் இருக்கலாம். கேட்டுப் பாருங்கள். அப்படிப் பார்த்துக்கொண்டால் மிச்சமாகிற பணத்தில் ஒரு பங்கை அவர் மருந்துக்கும் கைச்செலவுக்கும் மாதாமாதம் கையில் கொடுங்கள். பெரியவர்களின் உழைப்பைச் செலவில்லாத ஒன்றாக நாம் எடுத்துக்கொள்வதை நான் ஒப்புக்கொள்வதில்லை.

கிணத்துக்கடவில் இருக்கும் உங்கள் அம்மா, "பிள்ளையை இங்கே விடு, ஞாயித்துக்கிழமை வந்து பாரு" என்கிறார் என்றும் எழுதியிருந்தீர்கள். நம் பக்கத்தில் எத்தனையோ பிள்ளைகள் அம்மாயி வீட்டில் அப்படி வளர்ந்தவைதான். அன்புக்குக் குறையிருக்காது. ஆனால் இந்த வயதில் பிள்ளை பேசத் தொடங்குகிறது, யார் தன்னைத் தினமும் தூங்க வைக்கிறார்கள் என்று பழகுகிறது. பணம் வேறு எந்த வழியிலும் சமாளிக்க முடியாது என்றால் ஒழிய இதைச் செய்யாதீர்கள் என்பேன். உங்கள் நிலைமை அப்படி இல்லை. காப்பகம் மூடுகிற வாரத்துக்கும் கோடை விடுமுறைக்கும் அம்மாவை உங்கள் வீட்டுக்கு வரச் சொல்லுங்கள், அது போதும்.

இரண்டு மூன்று வீடு சேர்ந்து ஒரு ஆயாவை வைத்துக்கொள்வதைப் பற்றியும் சிலர் கேட்கிறார்கள். ஒரே வீதியில், ஒரே மாதிரி ஷிப்ட் உள்ள மூன்று வீடு அமைந்தால் நல்ல ஏற்பாடுதான். மாதம் 12,000 சம்பளத்தை மூன்றாகப் பிரித்தால் ஆளுக்கு 4,000. யார் வீட்டில் வைப்பது, அந்த வீட்டுக் கரண்ட் பில், ஆயா வராத நாளில் யார் லீவு போடுவது, இதெல்லாம் முதலிலேயே பேசி முடிக்க வேண்டும். மூன்று பிள்ளைக்கு மேல் ஒருவரிடம் விடக்கூடாது. கேரளப் பக்கம் இருப்பவர்கள் தங்கள் வார்டு அயல்கூட்டத்தில், அதாவது குடும்பஸ்ரீ என்ற பெண்கள் அமைப்பின் அக்கம்பக்கத்துக் குழுவில், விசாரிக்கலாம். குடும்பஸ்ரீயில் வீட்டுப் பராமரிப்புக்குப் பயிற்சி பெற்ற பெண்கள் இருக்கிறார்கள், சில இடங்களில் அவர்களே காப்பகமும் நடத்துகிறார்கள்.

அடுத்து அரசு நடத்தும் காப்பகம். தேசியக் காப்பகத் திட்டம் என்று இருந்ததை 2022இல் மத்திய அரசின் பெண்கள் நலத் திட்டமான மிஷன் சக்தியின் கீழ் 'பால்னா' என்று மாற்றினார்கள். ஆறு மாதம் முதல் ஆறு வயது வரை, மாதத்தில் 26 நாள், நாளுக்கு ஏழரை மணி நேரம் என்பது திட்டம். அங்கன்வாடியோடு சேர்ந்த காப்பகமாகவும் தனிக் காப்பகமாகவும் நடக்கிறது. எல்லா ஊரிலும் இல்லை. உங்கள் பக்கத்தில் இருக்கிறதா என்பதை வட்டாரக் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலரிடம் கேட்டால் சொல்வார்கள். இருந்தால் அந்த நான்கு மாதம்கூட உங்களுக்கு மிச்சம்.

வருமான வரியில் ஏதாவது கிடைக்குமா என்பதற்குப் பதில் சிறியது: உங்கள் சம்பளத்தில் வரியே இல்லை. மற்றவர்களுக்கு, 80சி என்று சொல்லிப் பழகிய கழிவில் ப்ளே ஸ்கூல், நர்சரி வகுப்புக்கான கல்விக் கட்டணம் சேரும், அதுவும் பழைய வரி முறையில் இருந்தால்தான். டே கேர் கட்டணம் என்று பில் இருந்தால் சேராது.

எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயம் உங்கள் கம்பெனி. இதைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம், இதற்கு நாளாகும். நீங்கள் ஒருவராகச் செய்யவும் முடியாது. ஆனால் விட்டுவிடக் கூடாது.

1948 தொழிற்சாலைச் சட்டத்திலேயே முப்பது பெண்களுக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் காப்பறை வேண்டும் என்று இருந்தது. 2017இல் மகப்பேறு நலச் சட்டத்தைத் திருத்தியபோது ஐம்பது பேர் வேலை செய்யும் நிறுவனம் என்றார்கள். அங்கே எண்ணுவது ஆண், பெண் சேர்த்து மொத்த ஆட்களை. இது முக்கியமான மாற்றம். பெண்களை மட்டும் எண்ணினால், பெண்களை எடுப்பதைக் குறைத்தே சட்டத்தைத் தாண்டிவிடலாம். மொத்த ஆட்களை எண்ணும்போது அந்த வழி அடைபடுகிறது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் ஐம்பது பேர் என்பதே இருக்கிறது. தாய் நாளுக்கு நான்கு முறை காப்பகத்துக்குப் போய்ப் பிள்ளையைப் பார்த்து வரலாம் என்பதும் இருக்கிறது. நிறுவனம் தனியாகக் கட்ட வேண்டியதில்லை, அரசு, நகராட்சி, தனியார், தொண்டு நிறுவனம் நடத்தும் காப்பகத்தைப் பயன்படுத்தலாம், பல நிறுவனங்கள் சேர்ந்து பொதுவாக ஒன்று நடத்தலாம் என்றும் வெளிப்படையாகச் சொல்கிறது. கஞ்சிக்கோடு மாதிரி சுவருக்குச் சுவர் தொழிற்சாலை இருக்கிற இடத்துக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு எது?

நடைமுறையில் என்ன நடக்கிறது என்றும் சொல்ல வேண்டும். நான் பார்த்த ஒரு தொழிற்சாலையில் காப்பறை இருந்தது. சுவரில் முயல் படம், இரண்டு கம்பித் தொட்டில். தொட்டில்களுக்குள் பழைய யூனிஃபார்ம் அட்டைப் பெட்டிகள். கதவில் பூட்டு. ஆய்வுக்கு ஆள் வரும் நாளில் மட்டும் பெட்டிகள் வேறு அறைக்குப் போகும். யாரும் பிள்ளையைக் கொண்டுவருவதில்லை என்று நிர்வாகம் சொன்னது, அது உண்மையும்கூட. காலை ஷிப்டுக்கு நின்றுகொண்டு வருகிற பஸ்ஸில் ஒன்றரை வயதுப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு எந்தத் தாய் வருவாள்? உள்ளே வந்தாலும் பிரஸ் ஷாப் சத்தத்தில் பிள்ளை தூங்காது. அங்கே வேலை செய்த தாய்மார்களோடு பேசினபோது அவர்கள் கேட்டது அறை அல்ல. வீட்டுப் பக்கத்தில் ஏற்கெனவே நடக்கிற நல்ல காப்பகத்தோடு கம்பெனி பேசி, கட்டணத்தில் பாதியையாவது கட்ட வேண்டும் என்பதுதான். நீங்களும் அதையே கேளுங்கள். நிர்வாகத்துக்கும் கட்டடம், ஆயா, பொறுப்பு என்று இழுத்துப்போட்டுக்கொள்வதைவிட அது சுலபம்.

தனியாகப் போய்க் கேட்காதீர்கள். ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளை உள்ளவர்கள் உங்கள் ஷிப்டிலும் மற்ற ஷிப்டிலும் யார் யார் என்று ஒரு பட்டியல் எழுதுங்கள். காண்டிராக்டில் இருப்பவர்களையும் சேருங்கள். 2018 வழிகாட்டு முறைகள் அவர்களை ஒதுக்கவில்லை. பிள்ளை உள்ள ஆண் தொழிலாளிகளிடமும் கையெழுத்து வாங்குங்கள். பணியிடப் பாதுகாப்பு, சுகாதாரம் பற்றிய சட்டத் தொகுப்பு காப்பறையைப் பற்றிச் சொல்லும்போது பணியாளர்களின் பிள்ளைகள் என்றுதான் சொல்கிறது, பெண் பணியாளர்களின் பிள்ளைகள் என்று சொல்லவில்லை. அதே காரணத்தால் உங்கள் கணவர் வேலை செய்யும் இடத்தில் ஐம்பது பேருக்கு மேல் இருந்தால் அவரும் அங்கே கேட்கலாம். கேட்க வேண்டும். சிட்கோவில் அப்படி ஓர் அப்பா கேட்டதாக இதுவரை என் காதில் விழவில்லை, உங்கள் வீட்டிலிருந்து தொடங்கட்டும்.

மனு ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். மொத்தம் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள், ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் எத்தனை, எந்தெந்த ஊரிலிருந்து வருகிறார்கள், என்ன கேட்கிறோம், எந்தத் தேதிக்குள் பதில் வேண்டும். யாரையும் குறை சொல்லும் வாக்கியம் வேண்டாம். எச்ஆரிடம் கொடுத்து நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். யூனியன் இருந்தால் இன்னொரு நகல் அங்கே, சம்பள ஒப்பந்தம் வரும்போது இதை ஒரு கோரிக்கையாகச் சேர்க்கச் சொல்லுங்கள். சம்பள உயர்வோடு சேர்த்துப் பேசும்போது இது எளிதில் நகரும் என்பது என் அனுபவம். பதிலே வராவிட்டால் பாலக்காடு மாவட்டத் தொழிலாளர் அலுவலகமும், கேரளத் தொழிற்சாலைகள் மற்றும் கொதிகலன்கள் துறையும் இருக்கின்றன. வேலை செய்யும் இடம் கேரளம் என்பதால் அங்கேதான் போக வேண்டும், கோயம்புத்தூரில் கொடுத்தால் திருப்பி அனுப்புவார்கள்.

இந்த வாரம் செய்ய வேண்டியது இவ்வளவுதான். சனிக்கிழமை அரைநாள் கிடைத்தால் மகளின் பிறப்புச் சான்றிதழ், ஆதார், தடுப்பூசி அட்டை மூன்றையும் எடுத்துக்கொண்டு உங்கள் வீட்டுக்கு உட்பட்ட அங்கன்வாடிக்குப் போய்ப் பெயரைப் பதிந்து வாருங்கள். இரண்டு வயது ஆகும்வரை காத்திருக்க வேண்டாம். இப்போது பதிந்தால் இணை உணவு மாவு இப்போதே கிடைக்கும், எடையும் பார்ப்பார்கள், டீச்சர் முகம் பிள்ளைக்குப் பழகும். அப்படியே டே கேரில் எட்டரை மணி நேரக் கட்டணத்தை எழுதி வாங்கி வாருங்கள். அந்த எண்ணையும் மகள் பிறந்த தேதியையும் எனக்கு எழுதினால், மீதி மாதங்களுக்கு எவ்வளவு ஆகும் என்று கணக்குப் போட்டுத் தருகிறேன்.